பிரித்தவர், திரும்ப மாட்டியவர்: ஜி.டி.நாயுடு



போன மாசம் அறிவியல் வகுப்புல சார் ஒரு கேள்வி கேட்டாரு. கண்டுபிடிப்பாளர்கள் பேரைச் சொல்லச் சொன்னாரு. பல்பு எடிசன், டெலிபோன் கிரகாம் பெல் என்று எல்லாரும் மடமடவென்று ஒப்பித்தோம். நம்ம தமிழ்நாட்டுல ஒருத்தரைச் சொல்லுங்க என்றதும் வகுப்பே கப்சிப். நான் மட்டும் எழுந்து ஜி.டி.நாயுடு என்றேன். அவரைப் பத்தி என்னப்பா தெரியும் என்று சார் கேட்டாரு. பள்ளிக்கூடத்தை விட்டுட்டுப் போயி பெரிய ஆளானவர் சார் என்றேன். எல்லாரும் சிரிச்சாங்க. சார் மட்டும் சிரிக்கல.

காரணம் இருக்கு. அரையாண்டுத் தேர்வுல நான் கணக்குல பெயில். பொங்கல் லீவுக்குக் கல்வராயன்மலையில இருக்கிற எங்க ஊருக்குப் போனப்போ, படிப்பை நிறுத்திட்டு மோட்டார் காயில் கட்டுற கடையில வேலைக்குச் சேர்ந்துடறேன்னு வீட்டுல சொல்லிட்டேன். ஜி.டி.நாயுடு படிச்சா முன்னுக்கு வந்தாரு என்று வாதாடினேன். அப்பா ஒண்ணும் பேசல. அம்மா அழுதுச்சு. இது எப்படியோ சார் காதுக்குப் போயிடுச்சு. நாயுடுவோட வாழ்க்கையை முழுசா படிச்சு சுவரிதழுக்கு எழுதிக் கொடு, அப்புறம் முடிவு பண்ணு என்று சொல்லிட்டாரு. அதனாலதான் இந்தக் கட்டுரை.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி கோயம்புத்தூர் பக்கத்தில் கலங்கல் என்னும் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. சேட்டைக்காரப் பையன். ஆரம்பப் படிப்போடு நின்றுவிட்டார். இதுவரைக்கும் எனக்கு ஏற்கனவே தெரியும். இதுக்கு அப்புறம் நடந்ததுதான் தெரியாது.

ஒரு நாள் அவர் ஊருக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடுகிற வண்டியை துரைசாமி அப்போதுதான் பார்த்தார். அது மனசில் ஒட்டிக்கொண்டது. கோயம்புத்தூருக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுத்தப் போகவில்லை. வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். பிறகு திரும்ப மாட்டினார். வண்டி ஓடியது!

நண்பர்களே, இந்த இடத்தைப் படிச்சப்போ எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. ஏன்னா நானும் பிரிச்சிருக்கேன். எங்க வீட்டு டேபிள் ஃபேன் புகைஞ்சு நின்னு போச்சு. நான் அதைக் கழட்டி, காயில் கம்பியை எல்லாம் உருவித் தூக்கிப் போட்டுட்டேன். அப்புறம் காயில் கட்டுற கடை அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். எத்தனை சுத்து இருந்துச்சு, கம்பி என்ன கேஜ் என்று கேட்டாரு. நான் முழிச்சேன். எண்ணாம உருவிட்டியேடா என்று தலையில ஒரு குட்டு வச்சாரு. எங்க ஃபேன் இன்னும் சாக்குப் பையிலதான் இருக்கு.

1920-இல் நாயுடு ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ், ஒரு பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. நேரம் தவறாமல் ஓடுவதில் பேர் வாங்கியது. வெள்ளிமலை பஸ்ஸைத் தவற விட்டுட்டு கச்சிராயபாளையத்துல உட்கார்ந்திருக்கிற என்னை மாதிரி ஆளுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. வெளிநாடுகளுக்குப் போய்த் தொழிற்சாலைகளைப் பார்த்தார். உலர் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த சவரக் கருவி, மெல்லிய பிளேடு, கேமராவில் தூரத்தைச் சரிசெய்யும் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, ஏமாற்ற முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பலவற்றை உருவாக்கினார். 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்றார். 1952-இல் இரண்டு பேர் போகும் காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். ஆனால் அதைத் தயாரிக்க அரசாங்கத்தின் அனுமதி கிடைக்கவில்லை. பருத்தி, பப்பாளிச் செடிகளில்கூட ஆராய்ச்சி செய்தார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மோட்டார் கதை. 1937-இல் இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் கோயம்புத்தூரில்தான் உருவானது. அதை நாயுடு தனியாகச் செய்யவில்லை. டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உழைத்தார். அதற்கு 5 வருஷத்துக்கு முன்னால், 1932-இல், நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்து கோவைக்குக் கரண்ட் வந்திருந்தது. கரண்ட் வந்தாச்சு, மில்லும் கிணறும் மோட்டாருக்குக் காத்திருந்தன. அதற்கும் 100 வருஷத்துக்கு மேல் முன்னதாகவே, 1821-இல், லண்டனில் மைக்கேல் ஃபாரடே மின்சாரத்தால் ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஓட வைத்திருந்தார். ஃபாரடே ஒரு கொல்லர் மகன். அவரும் பெரிய படிப்புப் படிக்காதவர்தான். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்து விஞ்ஞானி ஆனவர்.

அப்போ ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரே ஒரு பேரை எழுதி மார்க் வாங்குறோமே, அது பாதிக் கதைதான். எடிசனுக்கு முன்னாலயே பல்புக்காக உழைச்சவங்க உண்டு. ஒருத்தர் விட்ட இடத்துல இன்னொருத்தர் தொடங்குறாரு. முன்னால போனவர் என்ன செஞ்சாருன்னு படிச்சாதானே அந்த இடம் எதுன்னு தெரியும்?

இப்போ என்னைக் கவுத்த விஷயத்துக்கு வர்றேன். பள்ளிக்கூடம் பிடிக்காத அந்த மனிதர், சம்பாதித்த பணத்தை எதில் போட்டார் தெரியுமா? படிப்பில்! அவர் கொடையால் கோவையில் தொழிற்கல்விக்கூடம் உண்டானது. 1945-இல் ஆர்தர் ஹோப் பேரில் பொறியியல் கல்லூரி தொடங்கியபோது நாயுடுதான் முதல்வர். இப்போது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று பேரோடு இருப்பது அதுதான். நாலு வருஷப் படிப்பு மாணவர்களின் நேரத்தை வீணாக்குகிறது, இரண்டே வருஷத்தில் கற்றுத் தரலாம் என்று நாயுடு வாதாடினார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகினார்.

ஆக, அவருக்குச் சண்டை படிப்போட இல்ல. செஞ்சு பார்க்காம மனப்பாடம் பண்ற படிப்போடதான். அவர் பள்ளியைத்தான் விட்டாரு, படிக்கிறதை விடல. நான் ரெண்டையும் விடப் பார்த்தேன்.

1974 ஜனவரி 4-ஆம் தேதி அவர் காலமானார். கோவை அவினாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்த 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நண்பர்களே, நான் படிப்பை நிறுத்தல. சனிக்கிழமை மட்டும் காயில் கட்டுற கடைக்குப் போறேன். சுத்து எண்றதும் வகுத்தல் பெருக்கலும்தான் அங்கேயும் வேலை! கணக்கு அங்கேயும் என்னை விடாதுன்னு புரிஞ்சு போச்சு. இப்போ கணக்கு டீச்சர்கிட்ட சாயங்காலம் தனியா உட்கார்றேன். முழு ஆண்டுல பாஸ் பண்ணுவேனான்னு சத்தியம் பண்ண முடியாது. முயற்சி பண்றேன்.

உங்க வீட்டுலயும் ஏதாவது ஓடாத பொருள் கிடக்கும். பெரியவங்ககிட்ட சொல்லிட்டு, பிளக்கைப் பிடுங்கிட்டு, பிரிச்சுப் பாருங்க. ஆனா ஒண்ணு. பக்கத்துல ஒரு நோட்டு வச்சு, எது எங்க இருந்துச்சுன்னு படம் வரைஞ்சுட்டுப் பிரிங்க. பிரிக்கிறது யாராலயும் முடியும். திரும்ப மாட்டுறவங்கதான் நாயுடு!



இப்படிக்கு,
சாக்குப் பையில் ஃபேன் வைத்திருக்கும்
9-ஆம் வகுப்பு மாணவன்