மீன்களின் கணக்கும் மனச்சான்றின் கணக்கும்

கணக்குப் பாடம் என்றாலே நம்மில் பலருக்குக் கசப்பு. சதவீதமும் சமன்பாடும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடும் என்று எண்ணுகிறோம். அதே சதவீதத்தையும் சமன்பாட்டையும் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத கடலடி வாழ்வை ஆராய்ந்தார் ஓர் அறிஞர். அவரே இத்தாலி நாட்டுக் கணித மேதை வீட்டோ வோல்டெரா.

அட்ரியாட்டிக் கடலோரத்து அங்கோனா நகரில், 1860ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், ஓர் யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயும் மகனும் தாய்மாமனின் ஆதரவில் வாழ்ந்தனர். வீட்டில் வறுமை. எனவே பையனை வங்கி வேலையில் அமர்த்த உறவினர் விரும்பினர். பையனோ கணிதமே வேண்டும் என்றான். அவன் மனத்தை மாற்றும்படி பொறியாளரான ஓர் உறவினரிடம் சொன்னார்கள். அவரோ பையனின் அறிவைக் கண்டு வியந்து, அவன் பக்கமே சேர்ந்துகொண்டார்! 1882இல் பீசா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற வோல்டெரா, மறு ஆண்டே 23 வயதில் அங்குப் பேராசிரியரானார். 1900இல் உரோமைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1905இல் நாட்டின் மேலவை உறுப்பினராகவும் ஆனார்.

அறுபத்தைந்து வயதில் அவரிடம் ஒரு புதிர் வந்தது. கொண்டுவந்தவர் அவருக்கு மருமகனாக வரவிருந்த உம்பெர்த்தோ தாங்கோனா என்னும் உயிரியல் அறிஞர். இவர் அட்ரியாட்டிக் துறைமுகச் சந்தைகளில் விற்பனைக்கு வந்த மீன்களின் கணக்கைத் தொகுத்திருந்தார். பியூமே துறைமுகத்தில், பிற மீன்களைத் தின்னும் சுறா, திருக்கை போன்றவற்றின் பங்கு 1914இல் சுமார் 12 சதவீதம். 1918இல் சுமார் 36 சதவீதம். 1923இல் மீண்டும் சுமார் 11 சதவீதம். இடையில் நடந்தது முதல் உலகப் போர். போரினால் மீன்பிடித்தல் குறைந்தது. அப்படியானால் எல்லா மீன்களும் ஒன்றுபோல் பெருகியிருக்க வேண்டாமா? சுறாவின் பங்கு மட்டும் ஏன் உயர்ந்தது?

வோல்டெரா இரண்டே சமன்பாடுகளை அமைத்தார். ஒன்று இரை மீனுக்கு, மற்றொன்று அதைத் தின்னும் மீனுக்கு. இரை பெருகினால் தின்பவை பெருகும். தின்பவை பெருகினால் இரை குறையும். இரை குறைந்தால் தின்பவை பசியால் மடியும். பிறகு இரை மீண்டும் தழைக்கும். இப்படி இரண்டும் ஊஞ்சல்போல் ஏறி இறங்குகின்றன. மனிதர் வலை வீசும்போது இரண்டு இனமும்தான் அகப்படுகின்றன. ஆயினும் தின்பவை குறைவதால், சராசரியில் இரை மீனுக்கே ஆதாயம். வலை ஓய்ந்தால் அந்த ஆதாயம் சுறாவின் பக்கம் சாய்கிறது. போர்க்காலத்தில் நிகழ்ந்தது இதுவே என்று அவர் விளக்கினார்.

இதை 1926இல் வெளியிட்டார். அமெரிக்காவில் ஆல்பிரட் லோட்கா என்பவர் 1925இலேயே தனியாக இதே சமன்பாடுகளைக் கண்டிருந்தார். ஆகவே அவை இருவர் பெயராலும் வழங்குகின்றன. உண்மையான கடல் இரண்டு சமன்பாடுகளில் அடங்கிவிடாது. ஆனாலும் விலங்குகளின் எண்ணிக்கையைக் கணிதத்தால் ஆராயும் துறைக்கு அவை அடிப்படையாயின.

இவ்வளவு புகழ் பெற்றவரைச் சோதனை விட்டுவைக்கவில்லை. 1931இல் முசோலினியின் அரசு, பல்கலைக்கழகப் பேராசிரியர் அனைவரும் பாசிச ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என ஆணையிட்டது. 1200க்கும் மேற்பட்ட பேராசிரியர்களில் ஏறத்தாழப் பன்னிரண்டு பேரே மறுத்தனர். அவர்களுள் ஒருவர் 71 வயது வோல்டெரா. முப்பது ஆண்டுகள் வகித்த பதவி பறிபோனது. ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் எல்லாம் நிலைத்திருக்கும். நம்பாத ஒன்றை நம்புவதாகச் சொல்ல அவர் மனச்சான்று இடம் தரவில்லை. நாட்டின் அறிவியல் கழகங்களிலிருந்தும் பின்னர் அவர் விலக்கப்பட்டார்.

அந்த இருண்ட நாளில் ஒரு கதவு திறந்தது. 1936இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர், பாப்பிறை அறிவியல் கழகத்தின் உறுப்பினராக அவரை நியமித்தார். யூதர் என்பதற்காகச் சொந்த நாட்டுச் சட்டமே ஒதுக்கிய 1938ஆம் ஆண்டிற்குப் பின்னும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 1940 அக்டோபர் 11ஆம் நாள் உரோமை நகரில் காலமானார்.

அன்புத் தோழியரே! ஆயிரம் பேர் செய்துவிட்டார்கள் என்பதால் ஒரு செயல் சரியாகிவிடாது. கணக்கில் விடை தவறென்று தெரிந்தால், வகுப்பு முழுவதும் அதையே எழுதியிருந்தாலும் நாம் எழுதலாமா? வோல்டெரா வாழ்விலும் எழுதவில்லை. அடுத்த முறை கணக்கு நோட்டைத் திறக்கும்போது அம்முதியவரை நினைப்போம். கணக்கோடு நேர்மையையும் சேர்த்துக் கற்போம்.