புதுப்பாளையத்து இராட்டைகள்

1878இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து 1972இல் மறைந்த இராஜாஜியை அரசியல் தலைவராகவே பலரும் அறிவர். சேலத்தில் வளம் கொழித்த வழக்கறிஞர் தொழிலைத் துறந்த அவர், 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவி, தாழ்த்தப்பட்டோரையும் உடன் சேர்த்து அங்கேயே வாழ்ந்தார். மழை பொய்த்த அவ்வூர்களில் ஏழைப் பெண்கள் நூற்ற நூலுக்கு ஆசிரமம் கூலி அளித்தது. சிறு கூலிதான், எனினும் வறண்ட மாதங்களில் உலையேற்ற உதவியது. ஆடவர் ஈட்டியதோ கள்ளுக்கடையில் கரைந்தது. அதனைத் தடுக்கவே 1929இல் கல்கியைத் துணைக்கொண்டு 'விமோசனம்' இதழைத் தொடங்கினார். கதையும் பாட்டும் ஏழைக் குடிசையின் பொருட்டு எழுதப்பட்ட அவ்விதழுக்கு இலக்கிய வரலாறுகள் இன்னும் உரிய இடம் தரவில்லை. 1937இல் சென்னை மாகாண முதன்மை அமைச்சரானதும், அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். கொட்டச்சேடு உள்ளிட்ட சேர்வராயன் மலையூர்களும் அதில் அடங்கின. மறு ஆண்டில் உழவர் கடன் நிவாரணச் சட்டமும் நிறைவேறியது.