சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்

மார்கழி வைகறையில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருக்களில் ஏடு பாராமல் திருப்பாவை முப்பதும் பாடுவோரைக் கேட்டிருக்கிறோம். ரமலான் இரவுகளில் திருக்குர்ஆன் முழுவதையும் நெஞ்சிலிருந்தே ஓதித் தொழுவிக்கும் ஹாபிழ்களின் பின்னே நின்றிருக்கிறோம். நெஞ்சையே ஏடாகக் கொண்ட இத்தகைய மரபில், நூறு செய்திகளை ஒருங்கே நினைவில் நிறுத்திக் காட்டியவர் செய்குத்தம்பிப் பாவலர்.

நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874 சூலை 31ஆம் நாள் பக்கீர் மீரான் சாகிபுக்கும் ஆமினா அம்மையாருக்கும் அவர் பிறந்தார். அப்பகுதி அந்நாளில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தமையால் பள்ளியில் கற்றது மலையாளம். தமிழைச் சங்கரநாராயண அண்ணாவியாரிடம் முறையாகப் பயின்றார். யாப்பும் அந்தாதியும் இளமையிலேயே கைவந்தன. பின்னர்ச் சென்னை சென்று, உமறுப் புலவரின் சீறாப்புராணப் பதிப்புப் பணியில் ஈடுபட்டு, அதற்கு உரையும் வரைந்தார். அருட்பா மருட்பா வழக்கில் வள்ளலார் பக்கம் நின்று வாதிட்டவரும் இவரே.

1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் அவர் சதாவதானம் நிகழ்த்தினார். அவதானம் எளிய கலையன்று. ஒருவர் முதுகில் கல்லெறிவார், ஒருவர் மணியடிப்பார், எண்ணிக்கை பிசகக்கூடாது. ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் இலக்கிய ஐயம் எழுப்புவார், மற்றொருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். இராமன் ஒரு துருக்கனைத் துணைகொண்டான் என்று பொருள்படும் ஈற்றடி ஒன்று கொடுக்கப்பட்டதாக வழிவழியாகச் சொல்வர். பாவலர் அதன் முன்னே ‘சத்’ என்னும் அசையைச் சேர்த்தார். துருக்கன் சத்துருக்கனாகி இராமனின் தம்பியானான்! வம்புக்கு விடுத்த வினா வெண்பாவாய் முடிந்தது.

இத்தகைய ஆற்றலை உளவியல் எவ்வாறு நோக்கும்? உடனடி நினைவில் ஏறத்தாழ ஏழு கூறுகளே தங்கும் என 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். பின்வந்தோர் அதனை நான்கு அளவுக்குக் குறைத்தனர். ஆயின் ஒரு கூறு எத்துணைப் பெரிது என்பது அவரவர் பயிற்சியைப் பொறுத்தது. யாப்பறியாதவர்க்கு ஈற்றடி வெறும் எழுத்து வரிசை. பாவலர்க்கு அது ஒரே கூறு. எதுகையும் மோனையும் அடுத்த சொல்லை இழுத்துவரும் கயிறுகள். நூறு செயல்களிலும் மனம் ஒரே நொடியில் நிற்பதும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, விட்ட இடத்தைத் தவறாமல் பற்றுகிறது.

ஏழு இலக்கங்களை மட்டுமே நினைவில் வைத்திருந்த அமெரிக்க மாணவர் ஒருவர் ஏறத்தாழ இருபது மாதப் பயிற்சியால் எழுபத்தொன்பதை எட்டிய ஆய்வு 1980இல் வெளிவந்தது. எண்களை ஓட்டப்பந்தய நேரங்களாக மாற்றி அவர் அடுக்கிக்கொண்டார். எழுத்துகளைக் கொடுத்தபோதோ ஆறளவிலேயே நின்றுவிட்டார்! பயின்ற துறைக்கு அப்பால் அத்திறம் பாயவில்லை. இறையருளை யாம் மறுக்கவில்லை. எனினும் பாவலரின் நினைவை வரம் என்று மட்டும் சொல்லிச் செல்வோர், இலக்கணத்தில் அவர் உழைத்த உழைப்பைக் கணக்கில் கொள்வதில்லை. மனப்பாடத்தை இகழும் மாணவரும் அவ்வாறே. பொருளுணர்ந்து கற்ற கல்வியே துருக்கனைச் சத்துருக்கனாக்கியது.

கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழும் திருநாகூர்த் திரிபந்தாதியும் அவர் இயற்றியவற்றுள் அடங்கும். கதராடை உடுத்தி நாட்டு விடுதலைக்கும் குரல் கொடுத்தார். 1950 பிப்ரவரி 13 அன்று மறைந்தார். 2008இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. இடலாக்குடி அரசுப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.