தெருமுனையில் காத்திருந்த தகப்பன்

பிட்ஸ்பேர்க் நகரில் நான்காம் வீதியும் வூட் வீதியும் சந்திக்கும் மூலையில் ஒரு தகப்பன் நின்றுகொண்டிருந்தார். மேல் மாடியில் தந்தி அலுவலகம். வேலை கேட்டு மகன் தனியாகப் படியேறிப் போயிருந்தான். ஏறக்குறைய இரண்டு மைல் தூரம் இருவரும் சேர்ந்தே நடந்து வந்தார்கள். ஆனால் வாசலுக்கு வந்ததும், அப்பா கீழேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டான். தகப்பனின் பேச்சில் ஸ்கொட்லாந்து வாடை மாறவில்லை. அவர் பக்கத்தில் நின்றால் தானும் வந்தேறி போலத் தெரியும் என்று 14 வயதுப் பையன் பயந்தான். தனக்குள் இருந்த இந்தச் சின்ன வெட்கத்தை முதுமையில் எழுதிய சுயசரிதையில் அவரே ஒப்புக்கொள்கிறார்.

அந்தப் பையன் அன்ட்ரூ கார்னெகி. 1901ல் தன் உருக்குக் கொம்பனியை 480 மில்லியன் டொலருக்கு விற்ற அதே கார்னெகிதான். அந்த மில்லியன்களின் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வாரத்துக்கு இரண்டரை டொலர் சம்பளத்தின் கதை. அனுபவம் இல்லாத, உயரமும் இல்லாத, ஊரே தெரியாத ஒரு பையனுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது?

1835 நவம்பர் 25ல் ஸ்கொட்லாந்தின் டன்ஃபேர்ம்லின் என்ற ஊரில் பிறந்தவர் அவர். தகப்பன் வில்லியம் கைத்தறி நெசவாளர். பூவேலைப்பாடுள்ள மேசை விரிப்புகள் நெய்வதில் கெட்டிக்காரர். நீராவித் தறிகள் வந்ததும் கைத்தறிக்கு ஓடர் குறைந்தது, பிறகு நின்றே போனது. கையில் தொழில் இருந்தும் வேலை இல்லாத மனிதராக அவர் ஆனார். தறிகளையும் தளபாடங்களையும் ஏலத்தில் விற்றார்கள். கிடைத்த காசு கப்பலுக்குப் போதவில்லை. தாய் மார்கிரட்டின் சிநேகிதி ஒருத்தி 20 பவுண் கடன் கொடுத்தார். 1848ல் தாய், தகப்பன், அன்ட்ரூ, ஐந்து வயதுத் தம்பி ரொம் என்று நால்வரும் கப்பலேறினார்கள். இருந்ததை விற்று, மிச்சத்துக்குக் கடன்பட்டு, முன்னே போன சொந்தக்காரரை நம்பிப் புறப்படுவது எப்படி என்று இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

போய்ச் சேர்ந்த இடம் பிட்ஸ்பேர்க்குக்கு ஆற்றின் மறுகரையில் இருந்த அலிகெனி. தாயின் சகோதரிகள் அங்கே இருந்தார்கள். பின்தெரு வீடொன்றின் மேல்மாடியில் இரண்டு அறைகள் கிடைத்தன. தகப்பன் மறுபடி மேசை விரிப்பு நெய்தார். வாங்கி விற்க வியாபாரி எவரும் வராததால் தானே வீடு வீடாகக் கொண்டுபோனார். தாய் அயலில் இருந்த சப்பாத்துத் தொழிலாளியிடம் வேலை வாங்கி, இரவிரவாகச் சப்பாத்துத் தைத்தார். வாரத்துக்கு நாலு டொலர் வரை அவருக்குக் கிடைத்தது. உண்மையில் வீட்டை நிமிர்த்தி வைத்தது அந்த ஊசிதான்.

பையனுக்கும் ஏதாவது தேடவேண்டும். ஒரு கூடையில் சில்லறைச் சாமான்களைப் போட்டுத் துறைமுகப் பக்கம் விற்கலாமே என்று உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். தாய்க்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அதைவிட ஆற்றில் தள்ளிவிடலாம் என்று சீறினாராம். எந்த வேலையென்றாலும் போ என்று சொல்லாத அந்தத் தாயை எனக்குப் பிடிக்கிறது. ஆனால் அந்தக் கோபத்துக்கும் ஒரு விலை இருந்தது.

தகப்பன் தறியை விட்டு ஒரு பஞ்சாலைக்குக் கூலியாகப் போனார். பின்னாலேயே மகனும் போனான். நூல் சுற்றும் பொபின்களை மாற்றிக் கொடுக்கும் வேலை, வாரத்துக்கு 1 டொலர் 20 சதம். மாரிகாலத்தில் இருட்டோடு எழும்பிப் போய் இருட்டியபின் திரும்ப வேண்டும். நடுவில் 40 நிமிடம் சாப்பாட்டுக்கு. பிற்காலத்தில் எத்தனையோ மில்லியன் உழைத்தும் அந்த முதல் வாரக் கூலி கொடுத்த சந்தோஷத்தை எதுவும் தரவில்லை என்று அவர் எழுதினார்.

அடுத்து ஹே என்ற பொபின் தயாரிப்பாளர் வாரத்துக்கு இரண்டு டொலருக்குக் கூப்பிட்டார். நிலக்கீழ் அறையில் சின்ன நீராவி எஞ்சினையும் பொயிலரையும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆவி கூடினால் வெடிக்கும், குறைந்தால் மேலே வேலை செய்பவர்கள் ஏசுவார்கள். இரவில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, ஆவி அளவை பார்ப்பதாகக் கனவு காண்பான். வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. அவர்களுக்கும் அவரவர் கஷ்டம் இருந்தது. பிறகு புதுப் பொபின்களை எண்ணெய்த் தொட்டியில் தோய்க்கும் வேலை. அந்த மணத்தில் வயிறு புரளும்.

வாசல் திறந்தது ஒரு தாம் பலகையில். தாயின் சகோதரியின் கணவர் ஹோகனும் தந்தி அலுவலக முகாமையாளர் டேவிட் புரூக்ஸும் மாலையில் சேர்ந்து தாம் விளையாடுவார்கள். செய்தி கொண்டுபோகக் கொடுக்க நல்ல பையன் யாராவது உண்டா என்று ஒருநாள் புரூக்ஸ் கேட்டார். ஹோகன் மருமகனின் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான். விளம்பரமும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. திறமையால் உயர்ந்தவர் என்று கார்னெகியைக் கொண்டாடும் பலர் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். ஆலையில் அவனோடு நின்ற மற்றப் பையன்களுக்கு முகாமையாளரோடு தாம் விளையாடும் உறவினர் இருந்திருக்க மாட்டார்.

வீட்டில் தகப்பன் தயங்கினார். பையன் சின்னன், இரவில் தூரம் போகவேண்டி வரலாம் என்று யோசித்தார். பிறகு சம்மதித்து, தானே கூட நடந்தார்.

மேலே நடந்தது சில நிமிடங்கள்தான். தனக்குப் பிட்ஸ்பேர்க் தெரியாது, போதிய பலமும் இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் ஒருதரம் பரீட்சித்துப் பார்க்கும்படி கேட்டான். குறையை மறைக்கவில்லை. எப்போது தொடங்கலாம் என்று புரூக்ஸ் கேட்டபோது, வேண்டுமானால் இப்போதே என்றான். வீட்டுக்குப் போய் நாளை வருவதற்குள் வேறொரு பையன் வந்துவிடக்கூடும் என்ற யோசனை அது. அங்கே ஏற்கனவே வேலை செய்த இன்னொரு பையனிடம் வேலை பழகத் தொடங்கிவிட்டு, இடையில் கீழே ஓடிப்போய் மூலையில் நின்ற தகப்பனிடம் எல்லாம் சரி என்று சொன்னான். அவர் தனியே நடந்து வீட்டுக்குப் போனார்.

தெரியாது என்று சொன்னது இப்போது கடனாக நின்றது. வீதிகளின் இரு பக்கமும் இருந்த வியாபார நிலையங்களின் பெயர்களை வரிசையாக மனனம் செய்தான். பிறகு ஆட்களின் முகங்களை. முகம் தெரிந்தால் வீதியில் வைத்தே தந்தியைக் கொடுத்துவிடலாம். காலையில் பையன்கள்தான் அலுவலகத்தைக் கூட்டவேண்டும். அந்த நேரத்தில் தந்திக் கருவியைத் தட்டிப் பழகினான். ஒருநாள் ஊழியர் வருமுன் பிலடெல்பியாவிலிருந்து அவசரமாக ஒரு மரணச் செய்தி. ஏசு விழுமோ என்ற பயத்தோடு அதை வாங்கி, உரியவரிடம் சேர்த்தபின்தான் புரூக்ஸிடம் சொன்னான். அவர் ஏசவில்லை. பின்னாளில் கடதாசிக் கீற்றில் பதியாமல் காதால் கேட்டே செய்தி எழுதும் மிகச் சிலரில் ஒருவனானான். 17 வயதளவில் தந்தி இயக்குநர், மாதம் 25 டொலர். 1853ல் பென்சில்வேனியா ரயில் கொம்பனி 35 டொலருக்கு எடுத்துக்கொண்டது.

இதே காலத்தில் கேர்ணல் அன்டர்சன் என்பவர் தன் 400 புத்தகங்களை வேலை செய்யும் பையன்களுக்குச் சனிக்கிழமைகளில் இரவல் கொடுத்தார். பின்னாளில் கார்னெகியின் பணத்தில் எழுந்த 2,509 நூலகங்களுக்கு வேர் அங்கேதான்.

அவரைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கில்லை. 1892ல் ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளரை வெளியே பூட்டி, ஆயுதக் காவலரை இறக்கியபோது ஆட்கள் செத்தார்கள். ஆலை அவருடையது. அவர் அப்போது ஸ்கொட்லாந்தில் இருந்தார். ஒன்றேகால் டொலர் கூலியில் ஒரு குடும்பம் எப்படி வாழும் என்று தெரிந்த மனிதர் அதை மறந்ததெப்படி என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மகன் உழைக்கத் தொடங்கியபின்னும் வில்லியம் மேசை விரிப்பு நெய்வதை விடவில்லை. ஒருமுறை அவற்றை விற்க ஓஹையோ ஆற்றுப் படகில் போனார். அறை எடுக்கக் காசைச் செலவழிக்க மனமில்லாமல் தட்டிலேயே இரவைக் கழிக்க இருந்தவரை மகன் படகில் சந்தித்தான். ஒருநாள் நீங்களும் அம்மாவும் குதிரை வண்டியில் போவீர்கள் என்று தேற்றினான். அதிகம் பேசாத அந்த மனிதர் மகனின் கையைப் பிடித்து, அவனை நினைத்துப் பெருமைப்படுவதாக மெதுவாகச் சொன்னார்.

டன்ஃபேர்ம்லினில் நெசவாளர் ஐந்து பேர் தங்கள் புத்தகங்களைச் சேர்த்துத் தொடங்கிய முதல் இரவல் நூலகத்தில் வில்லியமும் ஒருவர். 1881ல் அதே ஊரில் மகன் கொடுத்த நூலகத்துக்குத் தாய் மார்கிரட் அடிக்கல் நாட்டினார். குதிரை வண்டியில்தான் வந்து இறங்கினார். வில்லியம் 1855லேயே இறந்துபோயிருந்தார்.