கத்தியைக் கையில் எடுத்த பண்டிதர்

கல்கத்தாவில் காலேஜ் தெருவுக்கும் சித்தரஞ்சன் அவென்யூவுக்கும் இடையே உள்ள மெடிகல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு, நோயுற்ற நண்பரையோ உறவினரையோ அழைத்துச் சென்று வந்த தமிழர்கள் பலர் உண்டு. அங்கு டாக்டருக்குப் படிக்கும் இளைஞர்கள், இறந்த மனிதனின் உடலைத் தங்கள் கையாலேயே அறுத்து, எலும்பையும் நரம்பையும் தொட்டுப் பார்த்துப் பாடம் கற்கிறார்கள். இன்று இதில் வியப்பு ஒன்றுமில்லை. ஒரு காலத்திலோ, சாதியையே பணயம் வைத்தால்தான் இப்படிக் கற்க முடியும் என்ற நிலை இருந்தது. அதற்குத் துணிந்து முன்வந்தவர் பண்டித மதுசூதன் குப்தா.

ஹவுராவிலிருந்து பண்டேல் செல்லும் ரயில் பாதையில் வைத்யபாட்டி என்ற ஊர் இருக்கிறது. அங்கே, 1800ஆம் ஆண்டு வாக்கில், பரம்பரை வைத்தியக் குடும்பத்தில் மதுசூதன் பிறந்தார். 1826இல் கல்கத்தா சம்ஸ்கிருதக் கல்லூரியின் ஆயுர்வேத வகுப்பில் சேர்ந்தார். அவருடைய புலமையைக் கண்டு 1830இல் அதே வகுப்புக்கு அவரையே ஆசிரியராக்கினார்கள்.

அந்நாளில் உடற்கூறு ஏட்டுப் பாடமாகவே இருந்தது. மெழுகு உருவங்களைக் காட்டுவார்கள், எலும்புகளைக் காட்டுவார்கள், மிஞ்சிப் போனால் ஆடு போன்ற பிராணிகளை அறுத்துக் காட்டுவார்கள். மனிதப் பிரேதத்தை யாரும் தொடுவதில்லை. தொட்டால் தீட்டு, அறுத்தால் சாதியை விட்டே தள்ளிவிடுவார்கள். ஆனால் சுசுருத சம்ஹிதையில், பிரேதத்தை ஓடும் நீரில் ஊறவைத்து, தோலை மெல்ல நீக்கி உள்ளுறுப்புகளைக் கண்ணால் கண்டு அறியவேண்டும் என்ற விதி இருக்கிறது. காலப்போக்கில் அந்த விதி ஏட்டில் நின்றது, பழக்கம் மறைந்தது.

1835 ஜனவரி 28இல் பெண்டிங்க் பிரபுவின் ஆணையால் கல்கத்தா மெடிகல் காலேஜ் தோன்றியது. சில நாட்களில், பிப்ரவரி 2இல், சென்னையிலும் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. சம்ஸ்கிருதக் கல்லூரியின் வைத்திய வகுப்பு மூடப்பட்டது. மதுசூதன் புதிய கல்லூரிக்கு மாற்றப்பட்டார். உடற்கூறு பேராசிரியர் டாக்டர் குட்டீவ். கத்தியும் பிரேதமும் தயார். ஆனால் மாணவர்கள் அருகே வரவேண்டுமே! வெள்ளைக்காரர் அறுத்துக் காட்டினால் அவர்கள் தள்ளி நின்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். தங்களில் ஒருவர் முதலில் தொடவேண்டும்.

1836இல் அந்த நாள் வந்தது. சாஸ்திரம் அறிந்த பண்டிதரே கத்தியைக் கையில் எடுத்துப் பிரேதத்தை அறுத்தார். உமாசரண் சேட், துவாரகநாத் குப்தா, ராஜகிருஷ்ண டே, நவீன் சந்திர மித்ரா ஆகிய நான்கு மாணவர்கள் உடன் நின்றார்கள். இதைக் கொண்டாட வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கியது என்று வங்காளத்தில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பீரங்கி முழங்கியதோ இல்லையோ, தடை உடைந்தது. 1837இல் மாணவர்களுக்காக அறுக்கப்பட்ட உடல்கள் 60; மறு ஆண்டு 120. வகுப்பில் உட்கார்ந்து கேட்டவர்கள் செய்து பார்த்துக் கற்கத் தொடங்கினார்கள்.

அவர் வாழ்வில் இதற்கு இணையான மற்றொரு செயலும் உண்டு. அவரிடம் பயின்ற இளைஞர்கள் பரீட்சை தேறிப் பட்டம் பெற்றார்கள். ஆசிரியரான அவரிடமோ பட்டம் இல்லை. அவர் அதற்கு வெட்கப்பட்டு ஒதுங்கவில்லை. நாற்பது வயதை எட்டிய நிலையில், 1840இல், தாமே பரீட்சை எழுதித் தேறினார். ஆங்கில உடற்கூறு நூல் ஒன்றைச் சம்ஸ்கிருதத்திலும் பெயர்த்தார். பின்னர் ஹிந்துஸ்தானி வகுப்புக்கும், 1852இல் தொடங்கிய வங்காளி வகுப்புக்கும் தலைமை ஏற்று, ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் இந்தக் கல்வி எட்டும்படி செய்தார்.

நீரிழிவு நோயால் அவதியுற்ற மதுசூதன் குப்தா 1856 நவம்பர் 15இல் காலமானார். சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்த பிறகும், கையால் தொட்டு அறியாதது அறிவாகாது என்று உணர்ந்தவர் அவர். மாணவரைச் செய்யச் சொல்லுமுன் தாமே செய்து காட்டியதால்தான், அன்று தயங்கி நின்றவர்களும் கத்தியை எடுத்தார்கள்.