ஒரே டாக்டர், இரண்டு கண்டுபிடிப்பு: அரிவாள் செல்லையும் மாரடைப்பையும் எழுதி வைத்த ஜேம்ஸ் ஹெரிக் யார்?

1904 டிசம்பர் கடைசி. சிகாகோவின் பிரஸ்பிடீரியன் மருத்துவமனைக்கு 20 வயது மாணவர் ஒருவர் இருமலும் காய்ச்சலுமாக வந்து சேர்கிறார். கரீபியன் தீவான கிரனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்து மூணு மாசம்தான் ஆகியிருந்தது. ஒரு வருஷமாகவே நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்கல். புகைபிடிப்பது அதிகமாயிடுச்சு, அதனால்தான் என்று அவரே முடிவு பண்ணி வைத்திருந்தார்.

பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயர்ன்ஸ் அவருடைய ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களில் பல, நீண்டு வளைந்து அரிவாள் மாதிரி இருந்தன. விஷயம் சீனியரிடம் போனது. அந்த சீனியர்தான் ஜேம்ஸ் ஹெரிக்.

1861-ல் சிகாகோ பக்கத்திலுள்ள ஓக் பார்க்கில் பிறந்தவர் ஹெரிக். டாக்டர் ஆவதற்கு முன் பள்ளியில் ஆங்கில இலக்கியம் நடத்தியவர். 1888-ல் ரஷ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். நாற்பதைத் தாண்டிய பிறகு வேதியியல் வகுப்பில் திரும்பவும் மாணவராகப் போய் உட்கார்ந்தார்.

இந்த கேஸை அவர் உடனே வெளியிடவில்லை. 1910 நவம்பரில்தான் கட்டுரை வந்தது. நோய்க்குப் பெயர் கிடையாது, காரணம் தெரியாது, சாம்பிள் சைஸ் ஒன்று. தெரியாததைத் தெரியாது என்றே எழுதினார். எனக்கு அதில் பிடித்தது இதுதான். ஆனா முதலில் பார்த்த அயர்ன்ஸின் பெயர் ஆசிரியர் வரியில் இல்லை. ஹெரிக் பெயர் மட்டும்தான்.

இரண்டே வருஷத்தில் அடுத்தது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனி திடீரென அடைத்தால் உடனே மரணம்தான் என்று பெரும்பாலான டாக்டர்கள் நம்பிய காலம் அது. அப்படி இல்லை, பிழைக்கவும் முடியும், உயிரோடு இருக்கும்போதே கண்டுபிடிக்கவும் முடியும் என்று 1912-ல் ஹெரிக் சொன்னார். (கீவ் நகரில் இரண்டு மருத்துவர்கள் 1910-லேயே இதைச் சொல்லியிருந்தார்கள்.) அவர் பேசிய கூட்டத்தில் யாரும் பெரிசா கண்டுக்கவே இல்லை. பிறகு இசிஜி ஆதாரத்தோடு திரும்பவும் பேசினார். அப்புறம்தான் மருத்துவ உலகம் நம்பியது.

இரண்டும் ஒரே உடம்பில் சந்திக்கும் இடம்

அரிவாள் செல் நோயில் சிவப்பணுக்கள் சீக்கிரமே உடைகின்றன. ரத்தசோகை தீராது. குறைந்த ஆக்ஸிஜனை ஈடுகட்ட இதயம் வருஷக்கணக்கில் ஓவர்டைம் பார்க்கிறது. அதனால் பெரிதாகிறது, விறைக்கிறது. உடைந்த அணுக்களிலிருந்து கசியும் ஹீமோகுளோபின், ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்ஸைடை விழுங்கிவிடுகிறது. நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலது பக்கம் திணறுகிறது. அடிக்கடி ரத்தம் ஏற்றினால் இரும்புச்சத்து படியும் ஆபத்து வேறு.

மாரடைப்பும் வரலாம். ஆனா ஹெரிக் விவரித்த மாதிரி பெரிய தமனியில் அடைப்பு இருக்கணும்னு அவசியமில்லை. ஆஞ்சியோகிராமில் எல்லாம் சுத்தமாகத் தெரியும். நுண்குழாய்களில் அரிவாள் அணுக்கள் சிக்கியிருக்கும். சின்ன வயசு, கொலஸ்ட்ரால் நார்மல் என்று நெஞ்சுவலியை ஒதுக்கிவிடும் ஆபத்து இங்கேதான். எக்கோ, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ, விஷயத்தைக் காட்டும்.

இந்தியாவில் இந்த ரத்தம் முதலில் பதிவானது 1952-ல், நீலகிரிப் பழங்குடியினரிடம். 2023-ல் தொடங்கிய தேசிய ஒழிப்பு இயக்கத்தின் இலக்கு 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை. கையில் கிடைக்கும் கார்டு, நோய் இருக்கா, ஒரு மரபணுவை மட்டும் சுமக்கும் கேரியரா என்பதைச் சொல்லும். இதயம் எப்படி இருக்குன்னு சொல்லாது. அதற்குத் தனியாக எக்கோ பார்க்கணும்.

ஹெரிக் 1954-ல், 92 வயதில் இறந்தார். அதற்கு 5 வருஷம் முன்பு, கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்று லைனஸ் பாலிங் குழு காட்டியிருந்தது.

அந்த மாணவர்? பெயர் வால்டர் கிளமென்ட் நோயல். 1907-ல் படிப்பை முடித்து ஊர் திரும்பினார். செயின்ட் ஜார்ஜஸ் நகரில் பல் மருத்துவராக இருந்தார். 1916-ல் நுரையீரல் பாதிப்பால் இறந்தபோது வயது 32. ஹெரிக்கின் கட்டுரையில் இல்லாத அந்தப் பெயரை வரலாற்று ஆய்வாளர்கள் தேடி எடுத்தது 1980-களின் கடைசியில்தான்.