காட்டுக்காக வாதாடிய டாக்டர்

லால்பாகில் காலையில் உலாவ வருவோரில் பலருக்கு டாக்டர் ஹியூ கிளெக்கார்ன் பெயர் தெரியாது. 1856-ம் ஆண்டில் அது அரசாங்கத் தாவரவியல் தோட்டமாக ஆனபோது, அதற்கு யோசனை கூறியவர் அவர்.

சென்னையில் 1820-ல் பிறந்த வெள்ளைக்காரர். ஸ்காட்லாந்தில் மருத்துவம் படித்து, 1842-ல் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டராகத் திரும்பி வந்தார். மைசூர் சீமையில் சிமோகாவில் வேலை. நாளுக்கு ஒரு செடி என்று கணக்கு வைத்து ஆராய்ந்தார்.

அங்கேதான் "குமரி" சாகுபடியைக் கண்டார். காட்டை வெட்டித் தீயிட்டு, சாம்பலில் ராகி விதைப்பார்கள். ஓரிரு போகம் எடுத்ததும் வேறு காட்டுக்குப் போய்விடுவார்கள். மரம் போனால் மழைநீரும் மண்ணும் போகும் என்று எச்சரித்தார், கிளெக்கார்ன். 1856-ல் சென்னை மாகாணத்தின் வன அதிகாரியானார். 1860-ல் அவர் முயற்சியால் அரசாங்கக் காடுகளில் குமரிக்குத் தடை வந்தது.

மலைவாசிகளுக்கோ அதுதான் சோறு! அதே காலத்தில் குடகிலும் வயநாட்டிலும் காப்பித் தோட்டங்களுக்காகப் பெருங்காடுகள் அழிந்தன. ரயில் பாதைக்குக் கட்டைகள் போயின. இதையும் கிளெக்கார்ன் சுட்டிக் காட்டாமல் இல்லை. ஆனால் காப்பியால் பணம் வந்தது. ரயில் சர்க்காருக்கு வேண்டியிருந்தது. தடையின் பாரம் ஏழையின் தலையில்தான் அதிகம் விழுந்தது.

தென்னிந்தியக் காடுகள், தோட்டங்கள் பற்றி 1861-ல் நூல் வெளியிட்டார். பின்னர் பஞ்சாப் காடுகளையும் ஆராய்ந்தார். 1895-ல் ஸ்காட்லாந்தில் காலமானார். "கிளெக்கார்னியா" என்ற கொடி இனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.